கோட்டுக்கு வெளியே

அந்தக் கேமராவுக்குள் பிலிம் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

பார்க்க அப்படித்தான் இருக்கும். கறுப்பு உடம்பு. மேலே கடிகாரம் மாதிரி முள் ஓடும் ஒரு வட்டம். வலது கட்டைவிரலுக்கு ஒரு லீவர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லீவரை இழுத்தால்தான் ஷட்டர் முறுக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் சின்னத் திரை ஒன்று உண்டு. அதைத் திருப்பி மடக்கிவிட்டால் தோல் ஒட்டிய வெறும் முதுகுதான். டிஜிட்டல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் எப்போதும் மடக்கியே வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் கொச்சி மட்டாஞ்சேரியில் யார் கையில் டிஜிட்டல் கேமராவைப் பார்த்தாலும் ஜனங்கள் செய்வது ஒன்றுதான். படம் எடுத்ததும் ஓடி வந்து தலையை நீட்டி, "காட்டு, காட்டு" என்பார்கள். பிறகு "ஐயே, அழி" என்பார்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பிலிம் என்றால் கழுவ வேண்டும், நாள் ஆகும், மறந்துவிடலாம். என்னையும் மறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கேமரா ஷாஜி சேட்டனுடையது. ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் அவருக்குப் பழம்பொருள் கடை. விளக்கு, பெட்டி, கதவு இவற்றைப் படம் எடுத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புவது என் வேலை. அதற்கு முன் காக்கநாட்டில் அமெரிக்க டாக்டர்கள் பேசியதை ராத்திரி முழுக்கக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். ஒரு நாள் சாயங்காலம் பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அதற்கு முன் பி.காம். அதிலும் இப்படித்தான். என் பெயர் வீரபாண்டி. கடையில் பாதியை வெட்டி 'பாண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது தமிழனைக் கேலி செய்யும் சொல் என்பது கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏதோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இந்தக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஷாஜி சேட்டன் ஒரு மூக்குத்தியைப் படம் எடுக்கப் பார்த்தார். கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. ஜூம் கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும்.

"சாயிப்பு என்னைப் பற்றிச்சு, ஏமாத்திட்டுப் போயிடா பாண்டீ," என்றார். "இந்தச் சவத்தை நீயே எடுத்தோ. என் கண் முன்னால வைக்காதே."

அதன் விலை அவருக்குத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

முதல் வாரம் ஒரு காலைப் பொழுது முழுக்க லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தேன். கண் வைக்கிற ஜன்னல் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அது தனி. மூடி இருந்தாலும் எல்லாம் பளிச்சென்று தெரியும். வீட்டில் வந்து திரையைத் திறந்தால் வரிசையாகக் கறுப்பு. கோபம் வரவில்லை. காலையில் பார்த்ததெல்லாம் கண்ணில் அப்படியே இருந்தது.

அந்த ஜன்னலில் எதுவும் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியாது. வெறுங்கண் அளவுதான். அதனால் இடது கண்ணை மூட வேண்டியதில்லை. இரண்டையும் திறந்து வைத்தால் தெருவின் மேல் வெள்ளைக் கோட்டால் ஆன ஒரு சட்டம் அந்தரத்தில் நிற்கும். கோட்டுக்குள் இருப்பது படம். கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறவன், தெரு முனையில் திரும்பப் போகிற ஆடு. அது உள்ளே வரும் வரைக்கும் காத்திருக்கலாம். நடுவில் மங்கலான மஞ்சள் கட்டம் ஒன்று. அதற்குள் மட்டும் எல்லாம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் நெருங்கி ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த கணத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடங்கும். வேறு எந்த வேலையிலும் எனக்கு அப்படி அடங்கியதில்லை.

இதை அண்ணனிடம் ஒரு முறை சொன்னேன். செல்லதுரை, என்னைவிட ஆறு வயது மூத்தவன், சுமைத் தொழிலாளி. படகுத் துறையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தோம்.

"கடையில இருக்கிற பெரிய கேமராவில படத்துக்கு வெளியே எதுவும் தெரியாது, பட்டனை அமுக்கினதும் கண்ணும் இருட்டிடும் அண்ணே. எது படமாகுதோ அதை மட்டும் பார்க்க முடியாது. இதுல இருட்டாது. அமுக்கும்போதும் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"பார்த்து?"

"பார்த்து ஒண்ணுமில்ல. பார்க்கலாம்."

"நல்லா பாரு," என்றான். "காக்கநாட்டுல ஏசி ரூமை விட்டுட்டு வந்தது இதுக்குத்தான்னு அம்மாகிட்ட சொல்றேன். சந்தோஷப்படும்."

எங்கள் அப்பா கார்ப்பரேஷனில் குப்பை அள்ளினார், அந்த வேலையிலேயே செத்தார். அண்ணன் பல வருஷம் அலைந்து யூனியன் கார்டு வாங்கினான். கார்டு இருந்தால்தான் மூட்டையைத் தொட முடியும். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தவை இரண்டு. ஒன்று முருகன், இன்னொன்று அந்தக் கார்டின் நகல்.

கொச்சங்காடியில் அண்ணன் வேலை செய்த சுக்குக் குடோனுக்கு மத்தியான நேரங்களில் போவேன். கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். அவற்றின் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் சுக்குத் தூசி நிற்கும். கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் தரம் பிரிப்பார்கள். சுவர் ஓரம் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். அட்டி என்பார்கள் அதை.

"எடா போட்டோக்காரா, எப்போ கழுவித் தருவே?" என்று ஷைலஜா சேச்சி தினமும் கேட்பாள். பெண்களில் மூத்தவள், வாய்க்காரி. "என் பேரன் கல்யாணத்துக்காவது கிடைக்குமா?"

"பேரன் பொறக்கட்டும் சேச்சி."

"பொறந்தா உன்னை மாதிரி பொறக்காம இருந்தா போதும்."

அவள் பக்கத்தில் உட்காருகிறவள் பொன்மணியக்கா. போடிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் இல்லை. யூனியனும் இல்லை, கார்டும் இல்லை. நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான். எலிக்குப் பயந்து பெண்கள் சோற்றுத் தூக்கை அட்டிக்குப் பக்கத்துச் சுவர் ஆணிகளில் மாட்டி வைப்பார்கள்.

ஒரு நாள் வெளியே சந்து முழுக்க அடைத்துக்கொண்டு லாரி நின்றது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். மானேஜர் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினார். அட்டியை மேலிருந்துதான் கலைக்க வேண்டும். மேலே ஏறப் பலகை சாய்க்க வேண்டும், பலகையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அவசரம் என்றால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். இடுப்பு உயரத்து மூட்டையில் கொக்கியைப் போட்டு உருவிவிடுவார்கள். மேலே இருப்பவை ஒரு தரம் குலுங்கி அடங்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

பொன்மணியக்கா சோற்றுத் தூக்கை எடுக்க எழுந்து போனாள். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் சரியாக அவள் மேல் விழுந்தது. கேமராவைத் தூக்கினேன். மஞ்சள் கட்டத்துக்குள் அவள் தோடு இரண்டாகத் தெரிந்தது. திருகினேன், ஒன்றானது. கோட்டுக்குள் அவளும் அட்டியின் முனையும். கோட்டுக்கு வெளியே, இடது பக்கம், அண்ணன். ஒரு காலை அட்டியில் ஊன்றிக் குனிந்திருந்தான். கொக்கி மூட்டைக்குள் இருந்தது. உருவினான்.

மேலிருந்து தூசி கொட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். கையைத் தூக்கி அட்டியில் வைத்தாள். நான் அமுக்கினேன்.

கண் இருட்டவில்லை. அவள் கை, அண்ணன் கொக்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அட்டி சரிந்தது.

மூட்டைகளைப் புரட்டி அவளை வெளியே எடுத்தார்கள். தொடை இருக்கக்கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் அண்ணனையே பார்த்தாள். ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு மானேஜர் என்ன நடந்தது என்று கேட்டார்.

"தூக்கு எடுக்கறேன்னு அட்டியில ஏறினா சார்," என்றான் அண்ணன். "நான் அந்தப் பக்கம் நின்னேன்."

மானேஜரின் பார்வை என் கழுத்தில் தொங்கியதன் மேல் விழுந்தது. "நீ எடுத்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் சொன்னான்: "பிலிமை உருவிப் போடச் சொல்லுங்க சார். எதுக்கு வம்பு?"

மானேஜர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைத் திறக்கும் கொண்டியை விரலால் தேடினார். கிடைக்கவில்லை.

"அதுல பிலிம் இல்ல சார்," என்றேன்.

அது உண்மைதான்.

"பிலிம் இல்லாமலா?" ஷைலஜா சேச்சி தலையில் கை வைத்தாள். "என்டெ ஈஸ்வரா. இத்தனை நாளா இந்தப் பொட்டன் சும்மாவா க்ளிக் க்ளிக்குன்னு அடிச்சான்?"

தரையில் ரத்தம் இருந்தது. அப்போதும் இரண்டு பேர் சிரித்தார்கள். மானேஜர் கேமராவை என் நெஞ்சில் இடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் முன்னால் திரையைத் திறந்தேன். காட்டியிருக்க வேண்டியதில்லை, காட்டினேன். சின்ன வெளிச்சத்தில் அவன் முகம் நீலமாகத் தெரிந்தது. அதற்குள் படம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"நான் இல்லை இதுல," என்றான்.

"இல்லை."

இன்னொரு முறை பார்த்தான். "அவ கை அட்டி மேல இருக்கு."

"சரிஞ்சு வர்றதைத் தடுக்கக் கை வச்சா."

"அது படத்துல எழுதியிருக்கா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலையில யூனியன்லேருந்து ராமபத்ரன் சேட்டன் விசாரிக்க வர்றாரு. இதைக் காட்டு. நீ பொய் சொல்ல வேண்டாம். வாயே திறக்க வேண்டாம்."

"நீ கொக்கி போட்டு உருவினதை நான் பார்த்தேன் அண்ணே."

"எவன் உருவல? மானேஜருக்குத் தெரியாதா? லாரி நின்னா கத்துறது யாரு? இத்தனை பேர் உருவினாங்க, என் கைக்கு விழுந்துச்சு. அதுக்கு என் கார்டு போகணுமா?" மூச்சு வாங்கினான். "அவ இங்க இல்லேன்னா போடிக்குப் போவா. நான் எங்கடா போவேன்? எனக்கு எந்த ஊர் இருக்கு?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் ஏறினாள் என்று முடிவானால் ஆஸ்பத்திரிச் செலவைக் குடோன் ஏற்காது. கால் கூடினாலும் வேலை கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோறு ஆறுது," என்றாள்.

அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்தேன். அழித்துவிட்டால் என் வாய் மட்டும்தான் மிச்சம். எதையும் முடிக்காதவன் வாய். ஆனாலும் அழிக்கவில்லை. அது நல்ல படம். தூசி, வெளிச்சம், அண்ணாந்த கழுத்து, கை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

காலையில் யூனியன் கன்வீனர் ராமபத்ரன் குடோன் நடுவில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய். ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் சுமைக்காரர்கள். சரிந்த மூட்டைகள் அப்படியே கிடந்தன. ஷைலஜா சேச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள்.

"பொன்மணி ஏறல. அட்டி சாஞ்சுது, கை வச்சேன்னு சொல்றா."

"ஆராவது கண்டோ?" என்றார் ராமபத்ரன்.

பெண்கள் முறத்தைப் பார்த்துக் குனிந்திருந்தவர்கள். யாரும் பார்க்கவில்லை.

"என் தம்பி படம் எடுத்திருக்கான்," என்றான் அண்ணன்.

சிரிப்பு கிளம்பியது. "பிலிம் இல்லாத படமா?" என்றான் ஒருவன்.

"திருப்பிக் காட்டுடா."

திரையை வெளியே திருப்பினேன். சிரிப்பு நின்றது. முன்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷைலஜா சேச்சி திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளும் எங்க படமெல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சா? வெயிலுக்கு முந்தானையை எடுத்து உக்காந்தது, வாயைத் திறந்து தூங்கினது?"

"இருக்கு சேச்சி."

"நல்ல பையன்," என்றாள். எழுந்து பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

ராமபத்ரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கை அட்டி மேல. அப்போ ஏறியிருக்கா." கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் விசாரணை. சுமைக்காரர்கள் துண்டை உதறினார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் தோள் இறங்கியிருந்தது, பெரிய சுமையை இறக்கிவிட்டு நிற்கிறவன் மாதிரி. அதுவரைக்கும் நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை.

"சேட்டா," என்றேன். "படம் இங்க முடியுது. நான் பார்த்தது இங்க முடியல."

"எந்தா?"

"இதுல படத்துக்கு வெளியேயும் தெரியும். நான் நின்ன இடத்துல நின்னு பாருங்க."

அவர் சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். ஆணியருகே ஒரு சுமைக்காரனை நிற்க வைத்தேன். "அண்ணே, நீ அட்டிக்கு இடது பக்கம் நில்லு."

அண்ணன் அசையவில்லை.

"நில்லு செல்லதுரே," என்றார் ராமபத்ரன். அவன் போய் நின்றான்.

அவர் ஜன்னலில் கண் வைத்தார். "மறு கண்ணை மூடாதீங்க," என்றேன். பிறகு வாய் விரிந்தது. "இது கொள்ளாமே, நல்லா இருக்கே! கோடு ஆகாசத்துல நிக்குது." கேமராவோடு திரும்பினார். கூரையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வாசலில் நின்ற மானேஜரைக் கோட்டுக்குள் கொண்டுவந்து சிரித்தார். வந்த வேலையே மறந்துவிட்டது அவருக்கு. அந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். அந்த இடத்திலும் எனக்கு அவரைப் பிடித்தது.

பிறகு அட்டிப் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது.

"செல்லதுரை கோட்டுக்கு வெளியே. ஆனா தெரியுது. நல்லவண்ணம் தெரியுது." கேமராவை இறக்கினார். "காண முடியும், சரி. நீ எந்தா கண்டது?"

"இடுப்பு உயர மூட்டையில கொக்கி. கால் அட்டியில ஊன்றியிருந்துச்சு. உருவினான். தூசி கொட்டுச்சு. அக்கா அண்ணாந்து பார்த்துக் கை வச்சா. அப்போ எடுத்தேன்."

"உன் சொந்தச் சேட்டனாடா அவன்."

"ஆமா."

"ராத்திரி வேலையை விட்டதிலேருந்து இவனுக்கு மண்டை சரியில்ல சேட்டா," என்றான் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "படத்தைப் பாருங்க. படத்துல நான் இருக்கேனா? சொல்லுங்க, இருக்கேனா?"

ராமபத்ரன் படத்தை மறுபடி பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "கொக்கி போட்டியோ?"

அண்ணன் மானேஜரைப் பார்த்தான். மானேஜர் வெளியே தெருவைப் பார்த்தார்.

"லாரி நின்னுச்சு," என்றான் அண்ணன்.

கார்டை யூனியன் வாங்கி வைத்துக்கொண்டது. எப்போது திருப்பித் தருவார்கள் என்று சொல்லவில்லை. பொன்மணியக்காவின் ஆஸ்பத்திரிச் செலவு குடோன் தலையில் விழுந்தது. கால் கூடியதும் வரலாம் என்றார்கள். கத்திய மானேஜரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எந்தப் படத்திலும் இல்லை, நானும் அப்போது வாசல் பக்கம் பார்க்கவில்லை.

குடோனுக்கு ஒரு முறை போனேன். கேமராவைத் தூக்கியதும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தார்கள். எடுத்து முடித்ததும் ஷைலஜா சேச்சி கையை நீட்டினாள். "காட்டு." காட்டினேன். "அழி." அழித்தேன். பழைய படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள், ஒவ்வொன்றாக அழித்தேன். பொன்மணியக்காவின் படம் வந்ததும் அவள் "அழி" என்று சொல்லவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அண்ணன் ஆலுவாவுக்குப் போய்விட்டான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சிமென்ட் கடை. கார்டு கேட்காத இடம், அதனால் கூலியும் அப்படி. வீட்டுக்கு வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தூக்கில் மீன் குழம்பும் சோறும் வைத்துக் கொடுத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நான் ரயில் ஏறினேன். கேமரா கழுத்தில் இருந்தது.

அவன் இமை வரைக்கும் சிமென்ட் படிந்திருந்தது. என்னைப் பார்த்தான், தூக்கைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு போய் மூட்டைகளுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். நான் கடை வாசலில் நின்றேன். கேமராவைத் தூக்கவில்லை.

பாதிச் சோற்றில் திரும்பாமலே கேட்டான்.

"அன்னிக்கு நீ அந்தக் கண் இருட்டுற கேமராவைக் கொண்டு வந்திருந்தா?"

படகுத் துறையில் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான்.

"பார்த்திருக்க மாட்டேன்," என்றேன்.

மீதியையும் சாப்பிட்டான். குழாயடியில் தூக்கைக் கழுவித் தண்ணீரை உதறி என்னிடம் கொடுத்தான். பிறகு அடுத்த லாரிக்குப் போனான்.